மூன்றாம் மாடிக்கு இரண்டு வாழ்த்து அட்டைகள்

அடுத்தவர் பெயரில் வாழ்த்து எழுதும் பழக்கம் சங்கமித்ராவுக்குப் பன்னிரண்டு வயதில் தொற்றிக்கொண்டது. அப்போது அவள் குடும்பம் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீடு ஒன்றில் இருந்தது. பொங்கல் நெருங்கினால் லைன் முழுக்க வாழ்த்து அட்டை வாங்கும். குடியாத்தம், ஆம்பூர், ஆரணி என்று வடாற்காட்டில் கிடந்த சொந்தங்களுக்கெல்லாம் அனுப்பியாக வேண்டும். கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் எழுதுகிற வேலை இவள் தலையில் விழுந்தது.

கோவிந்தன் என்று பக்கத்து வீட்டுக்காரர். குடியாத்தத்தில் இருந்த மாமியாருக்கு ஓர் அட்டை கொண்டுவந்தார். "பொங்கல் வாழ்த்துன்னு போடு. இப்படிக்கு கோவிந்தன். அவ்ளோதான், வேற ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார். அட்டையில் முக்கால் பங்கு வெறுமையாகக் கிடந்தது. சங்கமித்ராவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. 'உங்கள் கையால் சாப்பிட்டு வெகுநாள் ஆயிற்று அத்தை. ஒருமுறை வந்து தங்கிவிட்டுப் போங்கள்' என்று நடுவில் நிரப்பி, தபால் பெட்டியில் போட்டுவிட்டாள்.

மாமியார் தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். ஆடி மாதம் வரை அசையவில்லை. யார் வந்து கேட்டாலும் பெட்டியைத் திறந்து அட்டையைக் காட்டி, "மாப்பிள்ளை தன் கையால எழுதி அழைச்சாரு" என்பார். கோவிந்தன் கடைசி வரை இல்லை என்று மறுக்கவே இல்லை. மறுத்திருந்தால் சோறு கிடைத்திருக்காது. சங்கமித்ராவின் நைனாவுக்கு மட்டும் விஷயம் புரிந்தது. மகள் காதைப் பிடித்துத் திருகினார். திருகும்போதே சிரித்துவிட்டதால் தண்டனை சரியாக முடியவில்லை.

அந்தச் சங்கமித்ராவுக்கு இப்போது ஐம்பது நடக்கிறது. பி.யூ.சி., டைப்ரைட்டிங், பிறகு பதினெட்டு வருஷம் தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோன அலுப்பு எல்லாம் தாண்டி, பொம்மனஹள்ளியில் குடியேறிவிட்டாள். கணவர் மதியழகன் ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறார். இவளுக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், குடியிருப்போர் சங்க அலுவலக வேலை. அந்தக் குடியிருப்புக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. ஆட்டோக்காரர்களிடம் 'வாட்டர் டேங்க் பக்கத்துல' என்று சொன்னால்தான் வருவார்கள்.

நூற்றுப் பத்து வீடுகள். தண்ணீர் லாரி, லிஃப்ட், கொசு மருந்து, கார் நிறுத்துமிடத் தகராறு, எல்லாவற்றுக்கும் சங்கமித்ராதான். மேசையின் கீழறையில் எப்போதும் ஒரு கட்டு வாழ்த்து அட்டைகள் இருக்கும். யாருக்குப் பிறந்தநாள், யாருக்குப் பேரன் பிறந்தான் என்று தெரிந்தால் கைப்பட நாலு வரி எழுதிக் கதவிடுக்கில் சொருகிவிடுவாள். எழுதுவது அவ்வளவு சாதுவாகவும் இருக்காது. ஐந்தாம் மாடியில் ஒரு வடநாட்டு அம்மாள் வளர்க்கும் நாய் இவள் சேலையைக் கடித்துக் கிழித்தது. சரியாக ஒரு வருஷம் கழித்து அந்த நாயின் பெயருக்கு ஆங்கிலத்தில் ஓர் அட்டை போயிற்று: 'உன் பிறந்தநாள் எனக்குத் தெரியாது. ஆனால் நாம் சந்தித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அந்தச் சேலையின் சார்பாகவும் வாழ்த்துகள்.' சங்கமித்ரா அதற்கு முன்னால் வாய்விட்டுச் சொன்ன மூன்று புகாருக்கும் அசையாத அம்மாள், அன்று சாயங்காலம் நாயைச் சங்கிலியில் கட்டிக்கொண்டு, கையில் ஒரு புதுச் சேலையோடு கீழே வந்தார்.

இப்படிப்பட்டவளிடம்தான் மூன்றாம் மாடிச் சண்டை வந்து சேர்ந்தது.

முந்நூற்று இரண்டில் சீனிவாசராகவன். சங்கத் தலைவர். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பிறந்து வளர்ந்தது மைசூரில். நேர் எதிரே முந்நூற்று மூன்றில் பாலகுமார். கரூர்க்காரன், ஐ.டி. வேலை. மனைவி வித்யாலட்சுமி. பாலகுமார் வாசலுக்கு வெளியே, பொது நடைபாதையில், ஒரு செருப்பு ஸ்டாண்டு வைத்தான். ராகவன் அதைப் படமெடுத்துச் சிவப்பு வட்டம் போட்டுக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் போட்டார். பத்து நிமிஷத்தில் பாலகுமார், ராகவன் வாசலில் இருந்த துளசித் தொட்டியைப் படமெடுத்து, அதைவிடப் பெரிய சிவப்பு வட்டம் போட்டான். அங்கே பிடித்த தீ ஆறு மாதம் எரிந்தது. குழுவே இரண்டாகப் பிரிந்தது. செருப்புக் கட்சி, துளசிக் கட்சி.

இதில் சங்கமித்ராவின் கஷ்டம் தனி. பத்து மணிக்கு ராகவன் வருவார். "சங்கமித்ரா, ஒரு நோட்டீஸ் டைப் பண்ணும்மா." ஆறு மணிக்குப் பாலகுமார் வருவான். "மேடம், அந்த நோட்டீசுக்கு ஒரு பதில் டைப் பண்ணணும்." இரண்டையும் இவளே அடித்து, இவளே ஒட்டினாள்.

ஜனவரி பதின்மூன்றாம் தேதி, போகியன்று, குழுவில் இருவரும் சங்கராந்தி வாழ்த்துப் போட்டார்கள். எங்கிருந்தோ வந்த படம். கரும்பு, பானை, பட்டம், மினுமினுக்கும் எழுத்து. இரண்டு பேரும் போட்டது ஒரே படம். அதற்கு நேர் கீழே செருப்புத் தகராறு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. சங்கமித்ரா சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு கீழறையைத் திறந்து இரண்டு அட்டைகளை எடுத்தாள்.

முதல் அட்டை ராகவனுக்கு, பாலகுமார் எழுதியதாக. 'அன்புள்ள ஐயா, எதிர்வீட்டில் இருந்துகொண்டு உங்களோடு போனில் சண்டை போடுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பொங்கல் வாழ்த்துகள். உங்கள் துளசி செழித்து வளர்ந்திருக்கிறது, தினமும் பார்க்கிறேன். பாலகுமார்.'

இரண்டாவது பாலகுமாருக்கு, ராகவன் எழுதியதாக. பெரியவர் எழுத்து நடுங்க வேண்டுமே என்று இதை மட்டும் இடது கையால் எழுதினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் எழுதினாள். 'சிரஞ்சீவி பாலகுமாருக்கு ஆசீர்வாதம். எள்ளு பெல்லா திந்து ஒள்ளே மாத்தாடி என்பார்கள் எங்கள் ஊரில். எள்ளும் வெல்லமும் தின்று நல்லதைப் பேசச் சொல்கிறார்கள். நான் தின்பதற்கு முன்பே ஒன்று பேசிவிடுகிறேன். உங்கள் வீட்டில் ரசம் தாளிக்கும் வாசனைக்கு இந்த மாடியில் ஈடு கிடையாது. சீனிவாசராகவன்.'

வீட்டுக்குக் கிளம்பும் முன் படியேறிப் போய் இரண்டு கதவிடுக்கிலும் தள்ளிவிட்டு, பூனை போல இறங்கி வந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ராகவன் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் அட்டை.

"சங்கமித்ரா, இது ராத்திரி கதவுக்கடியில வந்து கெடந்தது. கொஞ்சம் ஓதிச் சொல்லும்மா."

"கண்ணாடி எடுத்துட்டு வரலியா சார்?"

"கண்ணாடி இருக்கு. நேக்குத் தமிழ் ஓத வராதே. ஸ்கூல்லே கன்னடா மீடியம். ஆத்துலே பேசற பாஷைதான் தமிழ். ஒரு எழுத்தும் தெரியாது."

ஒன்பது வருஷமாக அவர் இவளோடு தமிழில்தான் பேசுகிறார். நோட்டீஸ் எல்லாம் ஆங்கிலம். இவளுக்கு இது ஒருநாளும் தோன்றவே இல்லை. அட்டையை வாங்கிப் படித்துக் காட்டினாள். அவர் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துக்கொண்டார்.

"இன்னொரு தரம் சொல்லு."

சொன்னாள்.

"துளசின்னு எந்த எடத்துலே எழுதிருக்கான்? காட்டு." சங்கமித்ரா காட்டிய சொல்லின் மேல் விரலை வைத்து, பாஸ்புக்கில் ஒரு தொகையைச் சரிபார்ப்பவர் போல உற்றுப் பார்த்தார். "அந்தப் பையனுக்கு இவ்வளவு மரியாதை உண்டா? பரவால்லே" என்று எழுந்து போனார்.

அவர் தலை மறைந்த பிறகுதான் சங்கமித்ராவுக்கு இன்னோர் அட்டை நினைவுக்கு வந்தது. தமிழில் ஓர் எழுத்தும் தெரியாத மனிதர் தமிழில் எழுதிய அட்டை அல்லவா பாலகுமார் வீட்டில் கிடக்கிறது! லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று மாடியும் படியிலேயே ஓடினாள்.

கதவைத் திறந்த வித்யாலட்சுமியின் முகத்தில் பொங்கலுக்கு மேற்பட்ட ஒரு பிரகாசம் இருந்தது.

"அக்கா, வாங்க வாங்க! இங்க பாருங்க." கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். ஃப்ரிட்ஜ் கதவில், நடுநாயகமாக, இடது கை எழுத்து. "எதிர்வீட்டு சார் எழுதியிருக்காரு. என் ரசத்தைப் பத்தி! கல்யாணமாகி ஏழு வருஷத்துல இவரு ஒரு வார்த்தை சொன்னதில்லக்கா."

"ரொம்ப நல்லாருக்கு. இத கொஞ்சம் குடேன், நோட்டீஸ் போர்டுல ரெண்டு நாள் வெச்சிட்டுத் தர்றேன். சங்கத்துல நல்ல அட்டையெல்லாம் சேக்கறோம்."

"அய்யோ, தரவே மாட்டேன். எங்கம்மாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பிட்டேன். அவங்க தெருவுல எல்லாருக்கும் காட்டிட்டாங்க."

அதற்குள் பாலகுமார் புது வேட்டி தடுக்கத் தடுக்க, எவர்சில்வர் தூக்கு நிறைய ரசத்தோடு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தான். சங்கமித்ரா பின்னாலேயே ஓடினாள். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் எதிர்க்கதவு திறந்துவிட்டது. துளசிக்கும் செருப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"சார், பொங்கல் வாழ்த்துகள். உங்க கார்டு கெடைச்சுது" என்றான் பாலகுமார்.

"என் கார்டா?" என்றார் ராகவன். அவருடைய மனைவி இரண்டு மாதமாக மைசூரில் மகள் வீட்டில் இருந்தார். தன் கையால் சமைத்ததைத் தானே சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர். தூக்கிலிருந்து வந்த ஆவி அவர் மூக்கைத் தொட்டது. "ஆமாம்... கார்டு. கெடைச்சுதா? சந்தோஷம்."

"கையால எழுதினீங்களே சார், அதுதான் மனசைத் தொட்டுருச்சு."

"பழக்கம் இல்லே. கொஞ்சம் கோணலா வந்திருக்கும்." கண் இமைக்காமல் சொன்னார். பிறகு, "ஒன்னோட அட்டையும் வந்தது. துளசியைப் பத்தி எழுதினதுக்கு ரொம்ப தேங்க்ஸ்ப்பா."

பாலகுமாரின் வாய் திறந்தது. துளசியைப் பார்த்தான், ராகவனைப் பார்த்தான். "ஆ... ஆமா சார். அது... தோணுச்சு, எழுதினேன்."

இரண்டு பேரும் செய்யாத நல்ல காரியத்தை இரண்டு பேருமே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். தூக்கு கைமாறியது. சங்கமித்ரா, "லிஃப்ட் பாக்க வந்தேன்" என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இறங்கினாள்.

வீட்டில் மதியழகன் முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சர்க்கரைப் பொங்கலில் இருந்த முந்திரியைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "கண்டுபுடிச்சா தலைவரு உன்ன வேலய வுட்டுத் தூக்கப்போறாரு. பரவால்ல, எங்க கட்டிங்ல ஆளு கேக்கறாங்க."

"இன்னாங்க, ஆறுதல் சொல்வீங்கன்னு பாத்தா..."

"இதான் ஆறுதல். ஞாயித்துக்கிழம லீவு உண்டு."

பதினாறாம் தேதி ராகவன் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, கதவைச் சாத்தி, மெதுவாக உட்கார்ந்தார்.

"நேக்குத் தமிழ் ஓத வராது. ஆனா எழுத வரும்னு முந்தாநேத்திக்குத்தான் தெரிஞ்சுது" என்றார்.

சங்கமித்ரா பேனாவுக்கு மூடி போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

"அன்னிக்கு ரெண்டாம் தரம் சொல்லச் சொன்னேன் பாரு, நீ அட்டையைப் பாக்கவே இல்லே. என் மூஞ்சியைப் பாத்துண்டே ஒப்பிச்சே. முப்பத்தஞ்சு வருஷம் பாங்க்லே கையெழுத்துப் பாத்தவன்ம்மா நான்."

"தப்புதான் சார். மன்னிச்சிருங்க. நீங்க இன்னா முடிவு பண்ணாலும் சரி."

"முடிவு கெடக்கட்டும். நான் அவனுக்கு என்ன எழுதினேன்? அது நேக்குத் தெரியணும். தினமும் ரசம் வந்துண்டே இருக்கு. ஏன் வரதுன்னே தெரியாம குடிச்சிண்டிருக்கேன்."

சங்கமித்ரா ஒரு வரி விடாமல் சொன்னாள். ராகவன் கேட்டுவிட்டு, தாடையைத் தடவிக்கொண்டார்.

"நன்னாத்தான் எழுதிருக்கேன். ஆனா ஒரு விஷயம் விசாரிச்சுட்டு எழுதியிருக்கலாம். அவா ரசத்துலே பூண்டு போடறா. எங்காத்துலே பூண்டு வாசல்படி ஏறினதில்லே."

"அய்யய்யோ! கொட்டிட்டீங்களா சார்?"

ராகவன் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "எங்காத்து மாமி அடுத்த மாசம் வரா. அதுக்குள்ளே நிறுத்திக்கலாம்."

இரண்டு நாள் கழித்துப் பாலகுமாரும் வந்தான், அவனும் கதவைச் சாத்தினான். "மேடம், யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான் அவருக்குக் கார்டு எதுவும் அனுப்பவே இல்ல. யாரோ என் பேர்ல விளையாடியிருக்காங்க. அவரு பாக்கறப்பல்லாம் துளசித் தண்ணி குடுக்கறாரு. குற்ற உணர்ச்சியா இருக்கு."

"இப்ப ஒண்ணு அனுப்பிட்டா போச்சு சார். பொய் நிஜமாயிடும்" என்றாள் சங்கமித்ரா, அட்டையையும் பேனாவையும் நகர்த்தி வைத்து.

அவன் பேனா பிடித்து எத்தனை வருஷமோ. முதல் அட்டையில் 'ஐயா'வுக்கு அப்பால் நகரவில்லை. இரண்டாவதில் மை கொட்டியது. மூன்றாவதில் எழுதி, அடித்து, நெற்றியைத் துடைத்தான். நாலாவது தேறியது: 'சார், வீட்டுக்குள் இடமில்லாததால்தான் ஸ்டாண்டு வெளியே இருக்கிறது. இதை முதல்நாளே உங்கள் கதவைத் தட்டிச் சொல்லியிருக்க வேண்டும். பதில் படம் போட்டது தவறு. வாரம் ஒருமுறை ஸ்டாண்டைக் கழுவித் துடைக்கிறேன்.' ஆறு மாதமாக நிமிஷத்துக்கு ஒரு பதில் தட்டிய கை, இந்த நாலு வரிக்கு முக்கால் மணி எடுத்துக்கொண்டது. சங்கமித்ரா அதில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

ராகவன் இதையும் கொண்டுவந்து படிக்கச் சொன்னார். கேட்டார். கீழறையிலிருந்து ஒரு புது அட்டை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மாலை பாலகுமார் அந்த அட்டையோடு நின்றான். உருண்டை உருண்டையான கன்னட எழுத்து, இரண்டு பக்கமும் நெருக்கமாக.

"மேடம், சார் கன்னடத்துல எழுதியிருக்காரு. போன்ல காமிச்சு மொழிபெயர்க்கப் பாத்தேன். கையெழுத்து அதுக்குப் புரியல. 'எருமைக்குக் கல்யாண மண்டபம்'னு வருது. நீங்க படிச்சுச் சொல்லுங்க."

தங்கவயல் பள்ளியில் கன்னடமும் படித்திருந்த சங்கமித்ரா உற்சாகமாக ஆரம்பித்தாள். "பாலகுமார் அவர்களுக்கு. ஸ்டாண்டு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். முதலில் படம் போட்டவன் நான்தான். வயதுக்கு ஏற்ற காரியம் இல்லை. வருந்துகிறேன்." புரட்டினாள். மறுபக்கத்தில் கண்ணை ஓடவிட்டாள். அட்டையை மூடினாள். "அவ்ளோதான் சார். கீழ ஆசீர்வாதம்னு போட்டிருக்காரு."

"இந்தப் பக்கம் பத்து வரி இருக்கே மேடம். ஆசீர்வாதம் அவ்வளவு நீளமா?"

வேறு வழியில்லை. சங்கமித்ரா தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்தாள்:

"உங்கள் ஃப்ரிட்ஜில் என் பெயரில் இருக்கும் அட்டையை நான் எழுதவில்லை. எனக்குத் தமிழ் எழுதத் தெரியாது. உங்கள் பெயரில் எனக்கு முதலில் வந்ததையும் நீங்கள் எழுதவில்லை என்று நினைக்கிறேன். இரண்டையும் எழுதியவர் யார் என்று, இப்போது இதைப் படித்துக் காட்டுகிறவரைக் கேளுங்கள். இந்தப் பக்கத்தைப் படிக்காமல் அட்டையை மூடப் பார்ப்பார். விடாதீர்கள்."

பாலகுமார் அவளைப் பார்த்தான். அவள் காலண்டரைப் பார்த்தாள். அவன் முகம் முதலில் சிவந்தது, பிறகு உதடு துடித்தது, பிறகு நாற்காலியில் சரிந்து விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் சட்டென்று நிமிர்ந்தான்.

"மேடம், வித்யாவுக்கு மட்டும் இது தெரியக் கூடாது. அவங்கம்மா அந்தக் கார்டைப் பத்தி முழுத் தெருவுக்கும் சொல்லியாச்சு. அதை சார் எழுதலைன்னு தெரிஞ்சா எனக்குத்தான் ரசம் நின்னுபோகும்."

"நான் சொல்வேனா சார்?"

"நீங்க சொல்ல மாட்டீங்க. எழுதிடுவீங்க. அதான் பயம்."

மூன்றாம் மாடியில் சமாதானம் வந்துவிட்டதா என்றால், முழுக்க இல்லை. பிப்ரவரியில் ராகவன் வைத்த இரண்டாவது தொட்டியால் மறுபடி உரசல். ஆனால் இந்தமுறை குழுவில் படம் வரவில்லை. அட்டைதான் போயிற்று, வந்தது. கையால் எழுதித் திட்டுவது பெரிய பாடு. பாதி எழுதும்போதே கோபம் ஆறிவிடுகிறது. மீதிக்கு இடம் போதாமல் ஆசீர்வாதம், வணக்கம் என்று முடிக்க வேண்டியிருக்கிறது. மார்ச்சுக்குள் குழுவில் செருப்புக் கட்சியும் துளசிக் கட்சியும் பேச விஷயமில்லாமல் கலைந்துபோயின.

தமிழ் அட்டைகளை ராகவனுக்கும் கன்னட அட்டைகளைப் பாலகுமாருக்கும் படித்துச் சொல்கிற வேலை இன்னமும் சங்கமித்ராவிடம்தான் இருக்கிறது. நோட்டீஸ் டைப் செய்வதைவிட இது எவ்வளவோ மேல் என்கிறாள். ஒரே ஒரு குறைதான். இவள் படித்து முடித்ததும் ராகவன் அதே அட்டையை வித்யாலட்சுமியிடம் கொடுத்து இன்னொரு தரம் படிக்கச் சொல்கிறார். பாலகுமாரோ இரண்டாம் மாடி சேஷகிரி என்ற கன்னடக்காரரிடம் போய்ச் சரிபார்த்துக்கொள்கிறான்.